சித்திக்கு நான் எடுத்த அளவு

ஒன்பது வயதில் எங்கள் வீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. சித்திக்கு இடுப்பளவு எடுப்பது. தினமும் காலை ஆறேகாலுக்கு, பல் தேய்த்த கையோடு, மஞ்சள் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஆஜராகிவிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் போர்வைக்குள் சுருண்டுகொள்கிற பெண் இதற்கு மட்டும் தானாக எழுந்துகொள்கிறாளே என்று அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்களோடுதான் இருந்தாள். வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளமும் கொடுத்து, தெருமுனைக்கு பஸ்ஸும் அனுப்புகிறார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. எங்கள் வீட்டில் அந்த வேலையை எல்லோரும் இலவசமாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

சித்திக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. வீட்டில் நடக்கிற முதல் கல்யாணம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப் பாவாடை, புது வளையல், மண்டபத்தில் இரண்டு நாள் வாசம் என்று நினைத்து நினைத்து வகுப்பில் பாடமே ஏறவில்லை. நிச்சயதார்த்தப் படங்களை அப்பா குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். வேலூரிலிருந்து ஒரு பெரியப்பா, ‘பொண்ணு நல்லா புஷ்டியா இருக்கா’ என்று எழுதிக் கைகூப்பும் பொம்மை இரண்டும் போட்டுவிட்டார். பாவம், பாராட்டாகத்தான் எழுதினார். சித்தி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கித் தன் கையை மட்டும், இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையை ஒரு தடவைகூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே முகூர்த்த ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனோம். எங்கள் தெருவிலேயே கடை வைத்திருந்த டெய்லர் மாஸ்டர், அளவெல்லாம் எடுத்து நோட்டில் எழுதியபிறகு, சித்தி மெதுவாக, இடுப்பில் இரண்டு இஞ்ச் குறைத்துத் தைக்கச் சொன்னாள்.

“பேடா மேடம்” என்று கன்னடத்தில் வேண்டாமென்றார் மாஸ்டர். “அன்னிக்கு மூச்சு விட வேணாமா?”

“கல்யாணத்துக்குள்ள கொறைச்சுடுவேன் மாஸ்டர். நீங்க தைங்க.”

மாஸ்டர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார். “சரி, நீங்க சொன்ன எடத்துலயும் ஒரு தையல் போட்டுர்றேன்” என்றார்.

மறுநாள் காலை என் உத்தியோகம் ஆரம்பமானது. சித்தி சட்டம் ஒன்று வைத்திருந்தாள். அளவு குறைந்திருந்தால் காலையில் சாப்பிடுவாள். குறையவில்லையென்றால் வெறும் காபியோடு பஸ் ஏறிவிடுவாள். டேப்பைத் தானே பார்க்க அவளுக்குப் பயம். அதனால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். பார்த்துச் சொல்வது நான். ஆபீஸில் டிபன் கொடுக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஒரு பெரியவளின் ரகசியம் என் கையில் இருக்கிறது என்ற பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் வாரம் நேர்மையாகத்தான் இருந்தேன். டேப் அசைந்து கொடுக்கவில்லை. சித்தி தினமும் காபியோடு போனாள். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு நாள் படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்றாள். மார்கழி மாதத்து பெங்களூரில் என்ன வெயில் என்று எனக்கு விளங்கவில்லை.

அவரைக்காய் சீசன் அது. எட்டாவது கிராஸ் மார்க்கெட் முழுக்க அந்த வாசனைதான். ஊறவைத்த கொட்டையைத் தோல் நீக்கி, அம்மா ஒரு நாள் காலையிலேயே பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்திருந்தாள். சித்திக்கு அதைப்போல் பிடித்த பண்டம் உலகத்தில் கிடையாது. நான் டேப்பைச் சுற்றினேன். அளவெடுக்கும்போது என் காது சரியாக அவள் வயிற்றுக்கு நேரே வரும். உள்ளே கடமுடவென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். மூடிய கண்ணின் ஓரம் ஈரமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டேப் நேற்றைய இடத்தில்தான் நின்றது.

“அரை இஞ்ச் கொறைஞ்சிருக்கு சித்தி. சாப்பிடலாம்” என்றேன்.

சித்தி கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு தோசை, குழம்பு. இன்னொரு தோசை, குழம்பு. மூன்றாவதை அம்மா கேட்காமலே போட்டாள். நான் கதவோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையில் ஒரு ஆளைச் சாப்பிட வைத்துவிடலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு கேட்கவா வேண்டும்? தினம் ஒரு பொய். கால் இஞ்ச், அரை இஞ்ச் என்று வாய்க்கு வந்ததை அள்ளி விட்டேன். ஒரே வாரத்தில் மூன்று இஞ்ச் குறைத்திருந்தேன். என் கணக்குப்படி பொங்கலுக்குள் சித்தி காணாமலே போயிருக்க வேண்டும். அவளோ கன்னம் பளபளக்க வளைய வந்தாள். படியில் என்னைத் துரத்திப் பிடித்தாள். பீரோவில் தொங்கிய முகூர்த்த ரவிக்கை கண்ணில் பட்டால் மட்டும் சட்டென்று கதவைச் சாத்திவிடுவேன்.

அதைக் கல்யாணத்தன்றுதான் போட்டுப் பார்ப்பேன் என்று சித்தி பிடிவாதமாக இருந்தாள். முந்தின நாள் மத்தியானம், மண்டபத்து மணமகள் அறையில், அம்மா வற்புறுத்திப் போடவைத்தாள். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. வெளியே நாதஸ்வரக்காரர் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நின்றுவிட்டது, நிறுத்தியது நான்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கினேன்.

“தினம் அளவு பார்த்தியே, டேப் என்னதான்டி சொல்லிச்சு?” என்றாள் அம்மா.

சித்தி தட்டுகளின் பக்கம் பார்த்தாள். “டேப் பழசுக்கா. இழுத்து இழுத்து நீண்டுபோச்சு” என்றாள்.

அம்மா ரவிக்கையைக் கழற்றி உள்பக்கம் திருப்பினாள். பக்கத்துக்கு மூன்று வரிசைத் தையல். எந்த டெய்லரும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஒரு பிளேடை வாங்கிவந்து அம்மா முதல் வரிசையைப் பிரித்தாள். போதவில்லை. இரண்டாவதைப் பிரித்தாள். மூன்றாவது வரிசை சித்தியின் அளவுக்கே கச்சிதமாக இருந்தது. மாஸ்டர் முதலில் அவள் உடம்புக்குத் தைத்துவிட்டு, அதற்குள்தான் அவள் கேட்டதைத் தைத்திருக்கிறார். கடைசிக் கொக்கி விழுந்ததும் அம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சித்தியும் சிரித்தாள், மை கலையக் கலைய அழுதுகொண்டே.

போன வருஷம், சித்தி வீட்டில் இருவரும் உட்கார்ந்து பருப்பு பிதுக்கிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷப் பொய்யை ஒருவழியாக அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கை நிற்கவே இல்லை.

“ஒரு வாரத்துல மூணு இஞ்ச். இந்தத் தப்பைக்கூடக் கண்டுபிடிக்கலைன்னா எனக்கு எதுக்குடி கம்பெனியில சம்பளம் குடுக்கறாங்க?”

முதல் நாளே தெரியுமாம். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பயம் திரும்பத் திரும்ப வந்து, இரண்டு வருஷம் ஒரு டாக்டரிடம் பேசப் போனதையும், அங்கே முதலில் சொன்னது என் கதையைத்தான் என்பதையும் அன்றுதான் சொன்னாள்.

“தெரிஞ்சும் ஏன் தினம் டேப்பை என்கிட்டயே குடுத்தே?”

“நீ சாப்பிடலாம்னு சொல்லுவே இல்ல. அதை எனக்கு நானே சொல்லிக்க முடியலை.”

ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கல்யாணப் பந்தியில் சித்தி இரண்டாவது ஒப்பட்டுப் போளிக்கு இலையைக் காட்டினாள். நெய் ஊற்றச் சொல்லியும் கேட்டாள். நான் சொன்ன பொய்யைக் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற குஷியில், எதிர் இலையில் நானும் இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.