நீல வெளிச்சத்தில் கறுத்த இடம்

ராமுத்தாய் பண்ணைப்புரத்துக்காரி. விடிந்தும் விடியாமலும் ஜீப்பேறி, கேரள மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். இடுப்பில் எப்போதும் புகையிலை இருக்கும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் கொஞ்சம் தேய்ப்பாள்; மீதி இடது கன்னத்துக்குள் போகும். தோட்டத்தில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வழக்கம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, ஜன்னலை அடைத்து, டாக்டர் ஜெனிபர் நீல விளக்கொன்றைக் கன்னத்துக்குள் பிடித்தாள். நல்ல சதை அந்தக் கருவியில் பச்சையாக ஒளிரும். ராமுத்தாய்க்கு ஓரிடம் மட்டும் கறுப்பாக நின்றது. போனில் எடுத்த படத்தை டாக்டர் அவளிடம் காட்டினாள்.

"புத்துநோயின்னு சொல்லல. ஆரம்பமா இருந்தா இப்பவே பிடிச்சிரலாம். புகையிலைய விட்டுட்டு புதன்கிழமை தேனிக்கு வாங்க. துளியூண்டு சதை எடுத்துப் பாக்கணும்."

"வலியே இல்லையே தாயி."

"வலி வந்தப்புறம் வந்தா லேட்டு."

வீட்டுக் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. மருமகள் ஹேமாவதி டார்ச் அடித்துப் பார்த்தும் தெரியவில்லை. ராமுத்தாய் புகையிலையை அன்றே விட்டாள். படத்திலிருந்த கறுப்புதான் அவளை விடவில்லை. வெற்றிலைக் கறை ஏறிய பல்லைச் சாம்பலும் கல்லுப்பும் வைத்துத் தேய்ப்பவள், கன்னத்துக்குள்ளும் தேய்த்தாள். பிறகு யாருக்கும் தெரியாமல் சுண்ணாம்பு வைத்தாள். எரிந்தது. எரிந்தால் மருந்து கேட்கிறது என்று நினைத்தாள்.

புதன்கிழமை தேனியில் ஜெனிபர் நீல விளக்கைப் பிடித்தபோது கன்னம் முழுக்க இருட்டாக இருந்தது.

"என்னம்மா செஞ்சீக?"

"கறுப்ப எடுத்தேன்."

"ஈயச்சட்டி வெளக்குற மாதிரி வெளக்கிருக்காக, டாக்டர்," என்றாள் ஹேமாவதி. "எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லல."

ஜெனிபர் விளக்கை அணைத்தாள். "வெந்த இடமும் இதுல கறுப்பாத்தான் தெரியும். எது நீங்க செஞ்சது, எது முன்னாடியே இருந்ததுன்னு இப்பப் பிரிக்க முடியல. இந்த ரணத்துல சதை எடுத்தாலும் சரியா வராது. ரெண்டு வாரம் ஆறட்டும்."

"அதுவரைக்கும் அது சும்மா இருக்குமா தாயி?"

ஜெனிபர் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எதையும் வைக்காதீக," என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் ராமுத்தாய் இரண்டு கைகளையும் மருமகளிடம் நீட்டினாள். "பிடிச்சுக்கத்தா. என்னைய அறியாம வெரல் உள்ள போயிருது."

"சரி அத்தே," என்று ஹேமாவதி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கைகள் அசையவில்லை. இடது கன்னம் மட்டும் புடைத்துப் புடைத்து அடங்கியது. உள்ளே நாக்கு அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.