பன்னிரண்டு வோல்ட்டும் ஒரு தார்ப்பாயும்

என் மனைவிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் அதற்கு ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டால் இரவு முழுக்கக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், அவள் திணறி எழுந்து உட்காருவாள். இந்தப் பயத்தில் இரண்டு வருடமாக வெளியூரில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை. தம்மம்பட்டியில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனவள், முகூர்த்தம் முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டாள்.

ராமேஸ்வரம் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருடம் ஒயரிங் பார்த்தவன். அந்தத் திமிரில் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்தேன். கூரையில் இரண்டு சோலார் பேனல். லாரிக்கு டூல் பாக்ஸ் தொங்கும் இடத்தில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் இரண்டு பேட்டரி. பேனலில் வருவதை அளந்து பேட்டரிக்கு அனுப்ப, டிபன் டப்பா அளவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்ற ஓர் இன்வெர்ட்டர்.

அவள் வேனை ஒரு சுற்றுச் சுற்றிவந்து நிபந்தனை போட்டாள்.

“மூணு ராத்திரி நம்ம வாசல்லயே இதுல படுத்துப் பாக்கறேனுங்க. ஒருவாட்டி மெஷின் நின்னாலும் வேனை வித்துப்போடோணும். ராமேஸ்வரம்னு பேச்செடுக்கப் படாது.”

“நிக்கவே நிக்காது. இருவது வருச சர்வீஸு.”

“அதுதான் பயமா இருக்குது.”

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் வேலையை ஆரம்பித்தேன். பேட்டரி இரண்டையும் கை தானாக இணைத்தது. கன்ட்ரோலரில் மாட்டினேன், திரையில் இருபத்தைந்து என்று எண் வந்தது. பார்த்துப் பழகிய எண், மனசு குளிர்ந்தது. பேனல் ஒயரையும் மாட்டினேன். அடுத்து இன்வெர்ட்டரின் சுவிட்சைப் போட்டேன்.

அது வீறிட்டுக் கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு வேறு.

பிறகு நடந்ததைச் சொன்னால் என் இருபது வருடப் பெயர் கெடும். ஆனாலும் சொல்கிறேன். வேனிலிருந்து குதித்து, செருப்பை விட்டுவிட்டு, கேட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்தபடியே, “கிட்ட வராத, வெடிச்சுரும்!” என்று கத்தினேன். அவளோ கன்ட்ரோலரோடு வந்த சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேன் கதவருகிலேயே நின்றிருந்தாள். மெஷின் வந்த நாளிலிருந்து எந்தப் பொருளின் புத்தகத்தையும் கடைசிப் பக்கம்வரை படிக்கிற பழக்கம் அவளுக்கு.

வெட்கம் பிடுங்கியது. ராமேஸ்வரமும் கண்ணுக்குள் வந்து போனது. திரும்பி வந்து பேட்டரி ஒயரில் கை வைத்தேன்.

“பேட்டரியத் தொடாதீங்க! பேனலத்தான் மொதல்ல கழட்டோணுமாம். படம் போட்டிருக்குது பாருங்க.”

“அது எனக்குத் தெரியும்.”

தெரியாது. ஆனால் பேனலில் வெயில் அடிக்கும்போது ஒயரைப் பிடுங்கினால் பொறி பறக்கும் என்பது தெரியும். சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது. பட்டறைக்காரன் மூளையில் உதித்தது ஒன்றே ஒன்று, லாரித் தார்ப்பாய். கூரை மேல் ஏறி, பஞ்சு லோடு ஏற்றிய வண்டியைப் போல வேனை மூடி, கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

“ஏனுங்ணா, மழ வருதுங்களா?”

“இல்லீங்க தம்பி, சூரியன அணைச்சிட்டிருக்கறேன்.”

“அப்படியே எங்கூட்டுப் பக்கமும் கொஞ்சம் அணைச்சு உடுங்க. வெக்க தாங்க முடியல.”

பேனலைக் கழற்றினேன், இன்வெர்ட்டரை நிறுத்தினேன். சத்தம் அடங்கியது. தரையில் உட்கார்ந்து, கன்ட்ரோலர் விற்ற கடைக்காரரை எப்படித் திட்டலாம் என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்:

“இன்வெர்ட்டர் மேல பன்னண்டு வோல்ட்னு போட்டிருக்குது. இந்த டப்பா இருவத்தஞ்சு காட்டுது. அதெப்படீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாரி ஓடுவது இருபத்து நான்கில். ஒரு பேட்டரியின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸில் கோப்போம், இரண்டின் வோல்ட்டும் கூடிவிடும். இருபது வருடம் கோத்த கை, வீடாக மாறிய வேனிலும் அதையே செய்திருக்கிறது. கன்ட்ரோலர் பாவம், வந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டது. இன்வெர்ட்டர்தான் தாங்காமல் அலறியது. மூச்சு மெஷினை அதில் சொருகியிருந்தால் அதுவும் போயிருக்கும். ஆனாலும் விடுவதாக இல்லை. ஸ்பேனரை எடுத்தேன்.

இந்த முறை அவள் படிக்க, நான் செய்தேன். பேட்டரி இரண்டையும் பிரித்து, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி என்பதையும் பொத்தானை அழுத்தி அதற்குச் சொன்னோம். திரையில் பன்னிரண்டு புள்ளி நான்கு. தார்ப்பாய் மூடியிருக்கும்போதே பேனலை மாட்டினேன். பிறகு கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை உருவினேன். எண் பன்னிரண்டு புள்ளி ஒன்பதுக்கு ஏறியது, பிறகு பதின்மூன்றைத் தாண்டியது. இன்வெர்ட்டரைப் போட்டேன். ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான்.

முதல் இரவு நானும் வேனில் படுத்தேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கன்ட்ரோலர் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். மெஷின் நிற்கவில்லை, அவள் தூக்கம்தான் நின்றது. இரண்டாம் இரவு என்னை வீட்டுக்குள் துரத்திவிட்டாள். காலையில் திரை பன்னிரண்டரை வோல்ட் காட்டியது.

மூன்றாம் இரவு கழிந்து, காலை ஆறரை ஆகியும் வேன் கதவு திறக்கவில்லை. ஐந்து மணிக்கு எழுகிறவள். தகரத்தில் காதை வைத்தேன், ஒரு சத்தமும் இல்லை. இரண்டு கையாலும் தகரத்தை அடி அடி என்று அடித்தேன். ரிக் வண்டிக்காரர் பல்துலக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். கதவு திறந்தது. கன்னத்தில் மாஸ்க் வார் பதிந்த தடத்தோடு அவள் நின்றாள்.

“ஏனுங்க, எங்கியாவது தீப்புடிச்சிருச்சா?”

“மணி ஆறரை!”

“இருக்கட்டும். ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் அசந்து தூங்கறேன், தூங்க உடுங்க.”

கதவைச் சாத்திக்கொண்டாள். திறந்த அந்த நேரத்தில்தான் உள்ளே மெஷின் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ரிக் வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டு மணிக்கு எழுந்து வந்தாள். கன்ட்ரோலர் பொத்தானை அவளே அழுத்திப் பார்த்தாள். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்:

“ராமேஸ்வரம் போய்ட்டு வர எத்தன ராத்திரி ஆகுமுங்க?”

“ரெண்டு.”

“நாலுன்னு வெச்சுக்கங்க.”