சித்தியின் கைமாற்று

எங்கள் சித்தி கடன் கேட்கிற அழகு வேறு யாருக்கும் வராது. கூச்சப்படவும் மாட்டாள், கெஞ்சவும் மாட்டாள். பக்கத்து வீட்டுப் பேப்பரை வாங்கிப் படிப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்பாள். எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம். இரும்புலியூரில் ஐந்து குடித்தனங்கள் இருந்த ஒரு காம்பவுண்டில் முன்போர்ஷனில் நாங்கள். கிணற்றை ஒட்டிய பின்போர்ஷனில் அம்மாவின் தங்கையான சித்தியும் சித்தப்பாவும். மாதம் பிறந்து பத்துத் தேதி தாண்டினால் போதும், சித்தியின் தலை எங்கள் சமையலறை வாசலில் தெரியும்.

"அக்கா, ரெண்டு ஸ்பூன் காபித்தூள் குடேன். ஒண்ணாந்தேதி குடுத்துடறேன்."

இருபது தேதிக்கு மேல் காபித்தூள் போய் ஐம்பது ரூபாயாகிவிடும். அம்மாவிடம் மட்டுமா? டீச்சர் வீட்டில் மண்ணெண்ணெய், மாடிவீட்டு அக்காவிடம் பஸ் பாஸுக்குப் பணம், முனைக் கடையில் எப்போதும் ஒரு பாக்கி. அதையும் ரகசியமாகச் செய்யமாட்டாள். கிணற்றடியில் நாலு பேர் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குத் துவரம்பருப்பு தீர்ந்துபோன ஞாபகம் வரும். ஒன்றாம் தேதி சாயங்காலம் ஒரு பைசா குறையாமல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவாள். பத்தாம் தேதி மறுபடியும் டம்ளரோடு வந்து நிற்பாள்.

இதில் எனக்குப் புரியாத சங்கதி ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா ஒருவர் சம்பளம், சாப்பிட ஐந்து வாய். சித்தி வீட்டிலோ இரண்டு சம்பளம், இரண்டே வாய். சித்தப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க். சித்தி சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வாரத்தில் பாதி நாள் ஓவர்டைம் வேறு. அப்படியிருந்தும் அவர்கள் எங்களிடம் கடன் வாங்கினார்கள். கணக்கில் நான் சுமார்தான் என்றாலும் இது எனக்கு உதைத்தது.

"உங்க சித்தப்பாவுக்கு ஓட்டைக் கைடி" என்று அம்மா சொன்னாள். நான் சித்தப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல கையாகத்தான் இருந்தது.

சித்தப்பாவைப்போல ஒரு மனுஷனைப் பார்க்கமுடியாது. 'இல்லை' என்ற சொல்லே அவர் வாயில் வராது. முன்பெல்லாம் சம்பள நாளுக்கு மறுநாள் அவர் வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிடும். ஒருவருக்கு மாமியார் ஆஸ்பத்திரியில், இன்னொருவருக்கு மச்சினன் பரீட்சைப் பணம், கோயிலுக்குக் கூழ் ஊற்ற, ஒன்றுமில்லாவிட்டால் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." அப்படிச் சும்மா பார்க்க வந்தவர்களும் சும்மா போனதில்லை. எனக்கே மாதம் ஒரு ரூபாய் கிடைக்கும். அவர்தான் எனக்கு உலகத்திலேயே பிடித்த ஆள்.

சித்திக்கு அப்போது குழந்தை இல்லை. அதற்காகக் குன்றத்தூர் முருகனுக்கு மாதாமாதம் வருவதாக வேண்டுதல் என்று எல்லோருக்கும் தெரியும். மாதக் கடைசிச் சனிக்கிழமை மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கிளம்புவாள். குழந்தைக்காகக் கோயிலுக்குப் போகிறவளை யார் கேள்வி கேட்பார்கள்? ஆடி மாதத்தில் ஒரு தடவை என்னையும் துணைக்கு அழைத்துப்போனாள். முந்தின நாள் சாயங்காலம்தான் அம்மாவிடம் ஐம்பது ரூபாய் வாங்கியிருந்தாள்.

நான் மலை ஏறப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். சித்தி தாம்பரத்தில் ரயில்வே பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கினாள். குன்றத்தூர் பஸ் அந்தப் பக்கம் இல்லையே என்றேன். "வாயை மூடிட்டு வா" என்றாள். மேடவாக்கம் போய், அங்கே வேறு பஸ் மாறி, கோவிலம்பாக்கத்தில் இறங்கினோம். மலையைத் தேடினேன். மலையும் இல்லை, படியும் இல்லை. அறுத்துப்போட்ட வயல் மாதிரி ஒரு காய்ந்த வெளி. அதில் வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். ஒரு பனைமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டு, வேட்டியை மடித்துக்கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்த நிலம் முழுக்க ஒரு காலத்தில் அவர் உழுதது, இப்போது மனை போட்டு விற்கிறார் என்று சித்தி சொன்னாள்.

"வாம்மா. இன்னா, கொயந்தைய இட்டுகினு வந்துகீறே?" என்றார் அவர்.

சித்தி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதற்குள்ளிருந்து வந்தது நோட்டுக் கத்தை. எனக்குக் கண் பிதுங்கிவிட்டது. அம்மா கொடுத்த ஐம்பது ரூபாய் ஒரே ராத்திரியில் இப்படிக் குட்டி போட்டதா? பெரியவர் எச்சில் தொட்டு எண்ணி மடியில் செருகிக்கொண்டார்.

"அந்த மூல மனைக்கு வேற பார்ட்டி வந்துகினே கீறான்மா. ஜாஸ்தியாவே தரேன்றான். நான் வாக்கு குட்த்துட்டேன், மாறமாட்டேன். ஆனா என் புள்ளைங்க பேஜார் பண்றானுங்க. கார்த்திகைக்குள்ள மீதிய கட்டி ரிஜிஸ்டர் பண்ணிக்கோ. மார்கழி பொறந்துச்சுன்னா பத்திரம் போட மாட்டோம். அப்பறம் பசங்க இன்னா பண்ணுவானுங்கன்னு நான் சொல்ல முடியாது."

"கட்டிடறேன் சார்" என்றாள் சித்தி. அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதேயில்லை. காபித்தூள் கேட்கிற குரல் இல்லை அது.

திரும்பும் வழியில் என்னால் பொறுக்கமுடியவில்லை. "உன்கிட்டதான் இவ்வளவு பணம் இருக்கே. அப்புறம் ஏன் அம்மாகிட்ட கடன் வாங்கறே?"

"இருக்கறதாலதான்டி வாங்கறேன்."

"இருந்தா எதுக்கு வாங்கணும்?"

"வாங்கலேன்னா இருக்குன்னு தெரிஞ்சுடுமே. நானே கையேந்திக்கிட்டு நின்னா என்கிட்ட வந்து எவன் கேப்பான்?"

எனக்குத் தலை சுற்றியது. ஓவர்டைம் பணத்தைப் பற்றி அவள் வீட்டில் மூச்சுகூட விடவில்லை என்பதும், அவள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்த பிறகு சித்தப்பா வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்துவிட்டன என்பதும் எனக்குப் பின்னால்தான் உறைத்தது. 'பாவம், அதுங்களே கடன்ல கெடக்குது' என்று உறவுக்காரர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தி தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு விபூதிப் பொட்டலம் வாங்கி என் நெற்றியில் பட்டையாகப் பூசி, "சாமி நல்லா பாத்தோம்னு சொல்லு" என்றது மட்டும்தான். வீட்டுக் காலண்டரில் இருந்த முருகன் முகத்தை ஒரு வாரம் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் அண்ணன் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அவர் பையனுக்குத் துபாயில் வேலை தயாராக இருக்கிறதாம், ஏஜெண்டுக்குப் பணம் கட்டவேண்டுமாம். சித்தப்பா "பாத்துக்கலாம்ண்ணா" என்றார். அவர் அகராதியில் அதற்கு 'சரி' என்று அர்த்தம். அண்ணன் போனதும் சித்தியிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"அவர் குடிச்சிட்டுப் போனாரே காபி, அந்தத் தூளே அக்கா வீட்டுதுங்க" என்றாள் சித்தி.

சித்தப்பா வெளியே வந்து, தூறலில் கிணற்றுத் திட்டின்மேல் உட்கார்ந்தார். நான் எங்கள் பின்வாசலில் நின்றிருந்தேன். சட்டென்று அவர் அழ ஆரம்பித்தார். பெரிய ஆம்பளை, மீசையெல்லாம் நனைய, "என் பொண்டாட்டிய வூடு வூடா டம்ளர் தூக்க வச்சிட்டேனே" என்று விசும்பி விசும்பி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சித்தியைப் பார்த்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் சிரிப்பார். சொல்லேன், சொல்லேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதைவிட அதிர்ச்சி, கொஞ்ச நேரத்தில் சித்தி எங்கள் சமையலறைக்கு வந்தபோது காத்திருந்தது.

"அவர்கிட்ட சொல்லிடுடி. பாக்க சகிக்கல" என்றாள் அம்மா.

அம்மாவுக்குத் தெரியும்! எல்லாம் தெரிந்துகொண்டேதான் மாதாமாதம் ஐம்பது ரூபாயும் காபித்தூளும் கொடுத்திருக்கிறாள். போதாக்குறைக்கு அப்பாவிடம் "பாவங்க, என் தங்கச்சி படற கஷ்டம்" என்று மூக்கையும் சிந்தியிருக்கிறாள். யாரை நம்புவது என்றே எனக்குத் தெரியவில்லை.

"சொன்னா பணம் நாளைக்கே துபாய்க்குப் போயிடும்கா. இத்தனை வருஷம் ஓட்டிட்டேன், இன்னும் ஒரே மாசம். எனக்குன்னு தலைக்கு மேல ஒரு கூரை வேணாமா? நாளைக்கு எனக்கோ அவருக்கோ ஒண்ணுன்னா, எவன் வருவான்?" சித்தி மூச்சு வாங்கப் பேசினாள். அப்போதுதான் அவளும் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கார்த்திகை முடிவதற்குள் ஒரு நாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் அம்மா, சித்தி, நான் மூவருமாக ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனோம். பெரியவர் மகன்களோடு வந்திருந்தார். சித்தி பணத்தைக் கொடுத்தாள். ஆனால் கூப்பிட்டபோது எழுந்துபோய், நாக்கைத் துருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டது அம்மா. கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டதும் அம்மா. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தியின் கை வெள்ளைவெளேரென்று இருந்தது. ஆள் மாறிப்போய்விட்டதோ என்று நான் பயந்து, "சித்தி, நீ போகலையா?" என்றேன். "உஷ்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் 'குன்றத்தூருக்கு' அழைத்துப்போனோம். கோவிலம்பாக்கத்தில் இறங்கியதும் அவரும் என்னைப்போலவே மலையைத் தேடினார். மனை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். கல் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன, தவளை கத்தியது. சித்தி ஒரு மூலையைக் காட்டி, "அதோ அந்தக் கல்லுலேர்ந்து இந்தக் கல்லு வரைக்கும் நான் சேத்து வச்சு வாங்கினது" என்றாள்.

"எங்க?"

"தண்ணிக்குள்ள."

சித்தப்பா செருப்பைக் கழற்றினார், பேண்ட்டைச் சுருட்டினார், தண்ணீரில் இறங்கிவிட்டார். அடி மேல் அடி வைத்து அளந்தார். அந்தக் கோடிவரை போய், "ஏய், இங்க கிணறு எடுக்கலாம்!" என்று கத்தினார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதற்குப் போயா இந்தச் சித்தி இவ்வளவு நாள் மறைத்தாள் என்று கோபம்கூட வந்தது.

அவர் கரையேறிய வேகத்திலேயே சொன்னார்: "பத்திரத்தை எங்கயாவது அடமானம் வச்சா அண்ணன் பையனை அனுப்பிடலாம். அவன் போய் அனுப்பினதும் மீட்டுக்கலாம். ஆறே மாசம். உன் பேர்லதானே இருக்கு? ஒரு கையெழுத்துதான்."

"என் பேர்ல இல்லீங்க. அக்கா பேர்ல இருக்கு."

சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "என்னை நம்பலேன்னா சரி. உன் பேர்லயாவது வாங்கியிருக்கலாமே?"

"வாங்கியிருக்கலாம். நீங்க நாலு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு கிணத்தடியில உக்காந்தா, நானே ஓடிப்போய் கையெழுத்துப் போட்டுடுவேன். அன்னிக்கே சொல்ல வந்துட்டேன். என்னை எனக்குத் தெரியாதா?"

அவர் சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிட ஆரம்பித்தார். ஒரு காலை இறக்கிவிட்டு இன்னொன்றை மறந்துவிட்டார். எனக்கு அந்தச் சண்டையில் யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் பளிச்சென்று விளங்கியது, அதைக் கேட்டேவிட்டேன்.

"அப்போ இது நம்ம இடமாம்மா?"

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். சித்தி அம்மாவைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாள். மஞ்சள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள், விரல் சிவந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு சம்பளம், ஐந்து வாய். அம்மா அந்த மூலைக் கல்லையும் இந்த மூலைக் கல்லையும் ஒரு தடவை பார்த்தாள்.

"என்னைக் கேட்டா? உங்க சித்தியைக் கேளு" என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் சித்தி அம்மாவின் கையைப் பிடித்தவள், பஸ் வந்தும் விடவில்லை. நெரிசலில் இரண்டு பேரும் ஒன்றாக ஏற முடியாமல் படியில் சிக்கிக்கொண்டார்கள், கண்டக்டர் திட்டினார். எனக்கானால் அம்மாமேல் ஒரே எரிச்சல். கட்டைவிரலில் மை தடவிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவளுக்கு, இடம் யாருடையது என்றுகூடவா தெரியாது?