மே மாதத்து மொட்டை

முடி வெட்டும் கடை வாசல் வரைக்கும் எல்லா நாய்களும் வீரர்கள்தான். கார் ஜன்னலில் தலையை நீட்டி, தில்லியின் கரோல் பாக் நெரிசலையே அதட்டிக்கொண்டு வருவார்கள். புசா ரோடில் திரும்பி அந்தக் கண்ணாடிக் கதவு தெரிந்ததும் வேஷம் கலைந்துவிடும். நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில், கன்றுக்குட்டி அளவு லாப்ரடார் ஒன்று படியிலேயே நாலு காலையும் பரப்பிப் படுத்துவிட்டது. எஜமானர் அதை அரிசி மூட்டையை இழுப்பது போல உள்ளே இழுத்து வந்தார். சப்பை மூக்குப் பக் நாய் ஒன்று, தண்ணீர் மேலே படுவதற்கு முன்பே ஊரைக் கூட்டியது. இன்னொன்று டிரையர் சத்தத்துக்கே தரையை நனைத்தது. அதன் எஜமானி அதையும் செல்போனில் படமெடுத்துச் சிரித்தார்.

எங்கள் நாய் மட்டும் என் காலடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

எங்கள் நாய் என்பது வாய் தவறி வருவது. அது என் மனைவியின் நாய். மகன் கனடாவுக்குப் போகும்போது விட்டுச் சென்ற வெள்ளைப் பொமரேனியன். சாயங்காலமானால் அவள் சீப்பும் கையுமாகத் தரையில் உட்காருவாள், அது மடியில் வந்து சாய்ந்துகொள்ளும். மகனிடம் பேசியதைவிட அவள் அதனிடம் பேசியது அதிகம். என்னிடம் பேசியதைவிடவும்தான்.

மே மாதம், அக்காவைப் பார்க்க இரண்டு வாரம் திருச்சிக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னாள்: "தினம் சீவி விடுங்க. ஞாயித்துக்கிழமை குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போங்க. வேற எதுவும் பண்ண வேணாம்."

முப்பத்தைந்து வருடம் அமைச்சகத்தில் கோப்பு பார்த்தவன் நான். அடுத்தவர் எழுதியதில் ஒரு வரியாவது திருத்தாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். வெளியே அனல் வீசியது. நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூலர் முன்னாலேயே கிடந்தது. என் தயிர்சாதத்தில் அதன் முடி. ஞாயிற்றுக்கிழமைக்கு நான் ஒரு திருத்தம் போட்டேன்: வெறும் குளியல் இல்லை, மொட்டை. மகனுக்குச் சின்ன வயதில் பழனியில் மூன்று தடவை மொட்டை போட்டோம். ஒவ்வொரு தடவையும் முடி முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். பிள்ளைக்கு வளர்ந்தது நாய்க்கு வளராதா?

கடைக்காரப் பெண் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "வேண்டாம் அங்கிள்ஜி," என்று இந்தியில் சொன்னாள். "இந்த ஜாதிக்கு வெயிலைத் தடுப்பதே இந்த முடிதான். எடுத்துவிட்டால் திரும்பச் சரியாக வளராது. ஆன்ட்டிஜியை ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டுவிடுங்களேன்."

"அவளைக் கேட்க வேண்டியதில்லை. நான் சொல்கிறேன், எடு."

மெஷின் உறுமியதும் நாயின் காது பின்னால் போனது. வால் காலிடுக்கில் நுழைந்தது. மேஜையில் ஓர் அடி பின்வாங்கி என் முகத்தைப் பார்த்தது. அலுவலகக் குரலில் ஓர் அதட்டல் போட்டேன். அவ்வளவுதான், கல்லாய் நின்றுவிட்டது. நடுவில் இரண்டு மூன்று முறை கொட்டாவி விட்டது.

"பார்த்தாயா, தூக்கமே வந்துவிட்டது," என்றேன்.

"அது தூக்கம் இல்லை அங்கிள்ஜி, பயம்," என்றாள் அவள். "கடிக்கிற நாய் தேவலை, எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த மாதிரிதான் எங்களுக்குக் கஷ்டம்."

முடியெல்லாம் கீழே விழுந்தபின் மேஜையில் மிச்சமிருந்ததைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. இளஞ்சிவப்புத் தோலும் எலும்புமாக, நனைந்த எலி போல. வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போனதுதான். மூன்றாம் நாள் அதை வற்புறுத்திப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதுகு வெயிலில் வெந்து கொப்புளம் கண்டது. அப்போதும் நான் மனைவிக்கு ஃபோன் செய்யவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் கொஞ்சமாவது வளர்ந்துவிடும் என்று தினமும் தடவிப் பார்த்தேன்.

அவள் வந்து அழைப்பு மணி அடித்தபோது நாய் கதவுக்கு ஓடி வரவில்லை. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் அதை வெளியே எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். தேங்காய் எண்ணெய் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

தில்லிக் குளிர் வந்தது, முடி வரவில்லை. அங்கங்கே திட்டுத் திட்டாக, துடைப்பக் குச்சி போல ஏதோ முளைத்தது. தன் பழைய ஸ்வெட்டரை வெட்டி அதற்குச் சட்டை தைத்தாள். ஒருநாள் மொட்டை மாடி வெயிலில் அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"வெட்டும்போது இது கத்தவே இல்லையா?"

"இல்லை. நான் பக்கத்திலேயேதான் நின்றேன்."

"நீங்க பக்கத்துல நின்னா அது எப்படிங்க கத்தும்?"

குரலில் கோபம் இல்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நாயைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் என் மனைவி ஒருநாள்கூட எதிர்த்துப் பேசியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.