அண்ணன் வாங்கிவந்த கேம்ஷாஃப்ட்

லாரிக்கு இழுவை போய்விட்டது என்று முதலில் சொன்னவர் டிரைவர். கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போய்வந்தவர், வண்டியை உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டு வேலியோரம் நிறுத்திவிட்டு, "சின்ன மேட்டுக்கே திணறுதும்மா. என்ஜினைப் பிரிக்காம இனிமே ஆவாது" என்றார்.

அது யுத்தத்தில் ஓடிய மிலிட்டரி லாரி. ஏலத்தில் வந்ததை என் கணவர் வாங்கினார். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, விற்றுவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் விற்கவில்லை. என் இரண்டு பெண்களுக்கும் மாமியாருக்கும் எனக்கும் சோறு போட்டது அந்த வண்டிதான். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எல்லையில் சுங்கச் சாவடி இல்லாமல் போனதால் வேலைக்குப் பஞ்சமில்லை. வண்டி நின்றால்தான் பஞ்சம்.

நெல்லித்தோப்பில் ஷெட் வைத்திருந்த மேஸ்திரி என்ஜினை இறக்கினார். பிஸ்டன் ரிங்கெல்லாம் தேய்ந்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு நீளமான தண்டை உருவி எடுத்துத் துடைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட் அது. உடம்பு நெடுக முட்டை வடிவத்தில் மேடுகள் இருந்தன.

"முட்டைக்குக் கூரா ஒரு முனை இருக்குது பாருங்க, அந்த முனைதாம்மா வால்வைத் தூக்கணும். இதுல ரெண்டு முனை மழுங்கிப்போச்சு. வால்வு பாதிதான் திறக்குது. அப்புறம் வண்டி எங்கேருந்து இழுக்கும்?"

வேறு கேம்ஷாஃப்ட் போட வேண்டும். அந்த மாடலுக்குப் புதியது எங்கும் கிடைக்காது. மதராஸில் பழைய மோட்டார் சாமான் விற்கும் தெருவில் தேடினால் அகப்படலாம் என்றார். அவர் ஒரு பஸ் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்ததால் கூட வர முடியவில்லை. அதனால் எப்படிப் பார்த்து எடுப்பது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். மேட்டின் மேல் நகத்தை வைத்து இழுத்தால் எங்கும் தட்டக்கூடாது. கறுத்துக் கிடந்தாலும் பரவாயில்லை. பளபளவென்று மின்னினால் யாரோ சாணை பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரும்பின் மேல்தோல்தான் கெட்டி, அது போய்விட்டால் உள்ளே இருப்பது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

துணைக்கு அண்ணனை அழைத்தேன். எனக்கு ஒரே அண்ணன். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் என்று சொல்ல மாட்டார். கடைசிவரை அவருக்கு அது 'பியூரோ'தான். கணவர் இறந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்குவது, வண்டிக்கு லைசென்ஸ் எடுப்பது எல்லாமே அவர்தான். அவர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதைப் பற்றி நான் மறுபடி நினைத்ததே கிடையாது.

தேய்ந்த கேம்ஷாஃப்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினோம். மதராஸில் கடை கடையாக ஏறி இறங்கினோம். சில கடைக்காரர்கள் அண்ணனிடம் மட்டும்தான் பேசினார்கள். நான் கேட்ட கேள்விக்கும் அவரைப் பார்த்தே பதில் சொன்னார்கள். அண்ணனுக்கு அது கூச்சமாக இருந்தது. "நீ கொஞ்சம் அந்தாண்ட நில்லேன்" என்றார். நான் நகரவில்லை.

பிற்பகலில் ஒரு கடையில் எங்கள் வண்டிக்கானது இரண்டு கிடைத்தது. ஒன்று பழைய எண்ணெய் உறைந்து கரி பிடித்ததுபோல் கிடந்தது. இன்னொன்று கண்ணாடி மாதிரி மின்னியது. கீழே குந்தி, கொண்டுபோனதைப் பக்கத்தில் வைத்து நீளத்தைப் பார்த்தேன். பிறகு இரண்டிலும் மேடு மேடாக நகத்தை இழுத்தேன். கறுப்பில் எங்கும் தட்டவில்லை. மின்னியதும் வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மேடுகள் ஒரு துளி சிறுத்திருப்பதுபோல் பட்டது.

"இதாண்ணே" என்று கறுப்பைக் காட்டினேன்.

"இது துருப்பிடிச்ச மாதிரி இருக்குதே. அது எவ்வளோ சுத்தமா இருக்குது!"

"சுத்தத்தை வெச்சு என்னா பண்றது? மேஸ்திரி இதைத்தான் எடுக்கச் சொன்னாரு."

கடைக்காரர் சிரித்துவிட்டு, அம்மா சொல்வதுதான் சரி என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கறுப்புத் தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம் இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றிக் கொடுக்க மறுநாள் ஆகும் என்றார் கடைக்காரர். மாமியாருக்கு உடம்பு சரியில்லை; பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். "நீ கெளம்பு. நான் மாமா வீட்டுல தங்கிட்டு நாளைக்கு எடுத்தாறேன்" என்றார் அண்ணன். நிம்மதியாக ஊர் திரும்பினேன்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்கு வரவில்லை. நேராக ஷெட்டில் கொடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் வருவதுமாக இருந்ததால் நான் ஷெட்டுக்குப் போகச் சில நாள் ஆகிவிட்டது. போனபோது என்ஜின் மூடிக்கிடந்தது. "போட்டாச்சும்மா" என்றார் மேஸ்திரி. வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளப்பிக் காட்டினார். சத்தம் சீராக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அண்ணனுக்காக ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினேன்.

வண்டி மழைக்காலம் வரை நன்றாக ஓடியது. பிறகு என்ஜினின் தலைப்பக்கம் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது. இழுவை பழையபடி குறைந்தது. ஒருநாள் எண்ணெய் மாற்ற இறக்கியபோது, தட்டில் விழுந்த எண்ணெயில் வெள்ளித்தூள் கலந்ததுபோல் இரும்புப்பொடி மினுங்கியது. டிரைவர் தட்டை அப்படியே என்னிடம் தூக்கிக் காட்டினார். வண்டியை மறுபடி நெல்லித்தோப்புக்கு இழுத்துப்போனோம்.

இந்தத் தடவை மேஸ்திரி தண்டை உருவும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். வெளியே வந்தது மின்னியது. முழுதுமாக மின்னவில்லை, மேடுகள் கொறித்துப்போட்டதுபோல் சிதைந்திருந்தன. மிச்ச இடமெல்லாம் அதே கண்ணாடிப் பளபளப்பு.

"இது நான் எடுத்தது இல்லையே" என்றேன்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேஸ்திரி, நான் எடுத்தது கறுப்பு."

"உங்க அண்ணன் மிசே கொண்டாந்து கொடுக்கும்போதே கேட்டேம்மா, சாணை பிடிச்சதா இருக்குதேன்னு. நீங்கதான் மனசு மாறி இதைச் சொல்லிட்டீங்கன்னாரு."

"நான் இந்த ஊர்லதானே இருந்தேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கூடப்பொறந்த அண்ணன் சொல்றாரு. அதுக்கு மேல நான் என்னாத்தைம்மா கேக்கறது?"

எந்தத் தண்டு நல்லது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மட்டமானது என்று தெரிந்தேதான் மாட்டியிருக்கிறார். அவர்மேல் வந்த கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஷெட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள்; அவர்கள் முன்னால் அழ நான் தயாராக இல்லை.

அப்போதுகூட அண்ணன் ஏமாந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் மாற்றிக் கட்டிக் கொடுத்திருக்கலாம். அதை மறைக்க அண்ணன் ஏதோ சொல்லியிருக்கலாம். மறுநாளே தனியாக மதராஸ் போனேன். கடைக்காரருக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது.

"சக்கரத்தைக் கழட்டி ரெடியா வெச்சிருந்தேம்மா. உங்க அண்ணன்தான் அது வேணாம், இன்னொண்ணைக் குடுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. வேலைக்காகாதுன்னு சொல்லியும் கேக்கலே." கறுப்பு என்ன ஆனது என்று கேட்டேன். அப்போதே வேறு யாரோ வாங்கிப்போய்விட்டார்களாம்.

ரயிலில் திரும்பும்போது யோசித்து யோசித்துப் பார்த்தேன். அண்ணன் ஏன் இதைச் செய்யவேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் தட்டுப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, கறுப்பை ஏன் வேணாம்னீங்க?"

அவர் முதலில் கடைக்காரர்மேல் பழியைப் போட்டார். கடைக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன் என்று நான் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"ஆமா, நான்தான் மாத்தினேன். அந்தத் தெருவுல சாக்கு மேல குந்திக்கிட்டு, இரும்பைத் தடவிக்கிட்டு, கண்டவனெல்லாம் உன்னைப் பாத்துச் சிரிக்கிறான். பியூரோல என்னைக் கேக்கறாங்க, உன் தங்கச்சி லாரி ஷெட்டுல நிக்கிறாளாமேன்னு. எனக்கு எப்படி இருக்கும்?"

"அதுக்கு?"

"வண்டி தானா நின்னுபோனா நீ அதை வித்துட்டு இங்க வந்துடுவேன்னு நெனச்சேன். மாடி ரூமைக்கூட ஒழிச்சு வெச்சிருக்கேன், அண்ணியைக் கேளு. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். அது உண்மை. ஆனால் சண்டை போட்டிருப்போம், நாலு நாள் பேசாமல் இருந்திருப்போம், பிறகு பேசியிருப்போம். என் பிழைப்பு மெல்ல மெல்லத் தேயட்டும் என்று தன் கையாலேயே ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, அத்தனை மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வண்டி எப்படி ஓடுது?" என்று விசாரித்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விசாரித்தது அக்கறையில் இல்லை, எப்போது நிற்கும் என்று பார்க்கத்தான்.

காபி அப்படியே இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

வண்டி இரண்டு மாதத்துக்கு மேல் ஷெட்டிலேயே கிடந்தது. கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தோம். மேஸ்திரிக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். கடலூரில் வெளிக்கூடு வெடித்துப்போன ஒரு என்ஜின் கிடப்பதாகக் கேள்விப்பட்டுத் தானே போய் அதிலிருந்து கேம்ஷாஃப்டைக் கழற்றி வந்தார். அவர் எதிரிலேயே எல்லா மேட்டிலும் நகத்தை இழுத்துப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது, நான் கண்டுகொள்ளவில்லை. அதை உள்ளே இறக்கி, மேல்மூடி போட்டு, கடைசி போல்ட்டை முடுக்கும்வரை ஷெட்டை விட்டு நகரவில்லை. அதன் பிறகு அந்த லாரி பல வருஷம் உழைத்தது. பெரியவள் கல்யாணம் வரை அதுதான் பார்த்துக்கொண்டது.

அண்ணனோடு போக்குவரத்து நிற்கவில்லை. மாதா கோயில் திருவிழாவுக்கு அவர் வீட்டில் சாப்பிட்டோம். பிள்ளைகள் மாமா மாமா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். அவர்களிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பல்பு வாங்கிவரக்கூட அவரிடம் சொன்னதில்லை. அவருக்கும் அது தெரியும்.

ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று எழுதிக் கொடுக்கும் நேரம் வந்தது. அண்ணன் கேட்டு வாங்குவதாக முடிவுசெய்திருந்தார். ஒரு மாலை காகிதங்களோடு வந்தார். எனக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார்.

"கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

உண்மையிலேயே நல்ல எண்ணத்தோடுதான் வந்திருப்பார். எங்கள் சொந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் பிள்ளைகள் இன்று வசதியாக இருக்கிறார்கள். அது நல்ல யோசனையா இல்லையா என்று நான் அன்றைக்கு எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. காகிதத்தை அவர் பக்கமே தள்ளிவைத்தேன்.

"வேணாம்ணே."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.