மொரப்பூர் சாலையில் அழுத கார்

முதலாளியின் கார் அழுகிறது என்று முதலில் சொன்னவர்கள் தர்மபுரி கடைவீதிக்காரர்கள். காலையில் நான் அதைக் கிளப்பிக்கொண்டு போகும்போது பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரலில், விட்டு விட்டு ஒரு சத்தம் வரும். கைக்குழந்தை பசிக்குச் சிணுங்குவதுபோல இருக்கும். இரண்டு மூன்று மைல் ஓடியதும் தானாக நின்றுவிடும். மறுநாள் காலையில் மறுபடியும் ஆரம்பிக்கும்.

உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. பெங்களூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, தர்மபுரியில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்திருந்தேன். முதலாளிக்கு வேகம் என்றால் பைத்தியம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம், பந்தயத்தில் ஓட்டுவதற்கென்றே இன்ஜினைச் சீர்செய்த அந்த நீள மூக்குக் காரை வாங்கியிருந்தார். மேலே மடக்குகிற கான்வாஸ் கூரை. மழை வந்தால் பக்கங்களிலும் திரை மாட்டிக்கொள்ளலாம். தொப்பூர் மேட்டில் அது சீறிக்கொண்டு ஏறும்போது மாட்டு வண்டிக்காரர்கள் ஓரங்கட்டி நின்று பார்ப்பார்கள்.

சத்தத்தைப் பற்றி முதலாளியிடம் சொன்னேன்.

"ஓடஓட நின்னுடுதில்ல? பந்தய வண்டின்னா அப்பிடித்தான் கத்தும், விடுங்க" என்றார்.

நானும் பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜினின் ஒரு பக்கத்தை ஒரு தகடு மூடியிருந்தது. வெளியே தெரிந்த வரைக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது.

முதலாளியின் மனைவிக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நான் வேலைக்கு வருவதற்கு முந்தின வருஷம் அவர்களுடைய ஒரே மகன் காய்ச்சலில் இறந்துபோனான். வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. யாரும் அவனைப் பற்றிப் பேசி நான் கேட்டதும் இல்லை. அந்த அம்மா அதிகம் வெளியே வரமாட்டார். கோயிலுக்குப் போக ஒருநாள் காரில் ஏறியவர், தெரு முனை திரும்புவதற்குள் முன்னால் குனிந்தார்.

"டிரைவரண்ணா, அந்தச் சத்தம் எங்கருந்து வருதுங்க?"

"இன்ஜின்ல இருந்துங்கம்மா."

"இல்லீங்க. எம் மடிக்கிட்ட இருந்து வருது."

அதற்குப் பிறகு அவர் தினமும் காலையில் காரில் போகவேண்டும் என்றார். எங்கே என்று கேட்டால், எங்கேயாவது என்பார். கூரையையும் திரையையும் மூடச் சொல்வார். சத்தம் நிற்கும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு தூங்கிப்போவார். திரும்பி வரும்போது கன்னம் இரண்டும் சிவந்திருக்கும். தலைவலி என்று படுத்துவிடுவார். எனக்கும் தலை கனக்கும். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். வெயில் இல்லாத நாளிலும் கனத்தது. சமையல்காரி ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "அந்த வண்டிய வித்துடச் சொல்லுங்க. அது புள்ளையக் காட்டிக் காட்டி அவங்களக் கூட்டிக்கிட்டுப் போவுது" என்றாள். சிரிக்க நினைத்தேன், சிரிப்பு வரவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் முதலாளி மதராஸிலிருந்து ரயிலில் வருவதாக இருந்தது. மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவர வேண்டும். தானும் வருவதாக அம்மா சொன்னார். துணைக்கு வரவேண்டிய சமையல்காரி காய்ச்சலில் படுத்துவிட்டதால் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்தார். ஊரைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. திரையெல்லாம் இழுத்து மாட்டினேன்.

அன்று அழுகை நிற்கவில்லை. நான்கு மைல், ஐந்து மைல் ஓடியும் நிற்கவில்லை. குரல் தடித்து, மூச்சுமுட்ட அழுவதுபோல ஆனது. பின்னால் அம்மா தாழ்ந்த குரலில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். "ஆச்சு, ஆச்சு, வந்துட்டேன்" என்றார். திரும்பிப் பார்க்க நினைத்தேன், கழுத்து திரும்பவில்லை. சாலை நீருக்கடியில் கிடப்பதுபோல நெளிந்தது. அப்போதுதான் பார்த்தேன். நடுச்சாலையில், கொட்டும் மழையில், சிவப்புச் சொக்காய் போட்ட ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருந்தான். மழை அவன்மேல் விழவில்லை.

பிரேக்கை மிதித்தது தெரியும். கதவு திறந்துகொள்ள, சேற்றில் முகங்குப்புற விழுந்தேன். குளிர்ந்த காற்றும் மழைநீரும் மூக்கில் ஏறியதும் தலை தெளிந்தது. சாலை காலியாக இருந்தது. உள்ளே அம்மா சீட்டில் சாய்ந்து கிடந்தார். இரண்டு கைகளும் எதையோ அணைத்தபடி வளைந்திருந்தன. முகம் மட்டும் மஞ்சள் பூசிக் குளித்தவர்போலப் பொலிவாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன். இழுத்து வந்து புளியமரத்தடியில் கிடத்தி, "அம்மா, அம்மா" என்று கத்தினேன். வெகுநேரம் கழித்து வாந்தி எடுத்தார். கண் திறந்தார்.

"அவனை ஏன் எறக்கி வுட்டீங்க? செவப்புச் சொக்கா நனஞ்சிடுமே" என்றார்.

நான் பார்த்ததை அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

காரின் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பானெட்டைத் திறந்து, கையில் துணியைச் சுற்றி அந்தத் தகட்டைப் பிடுங்கினேன். இன்ஜின் விடுகிற புகையையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பின்குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய் அதன் அடியில் இருந்தது. அதை இன்ஜினோடு இறுக்கும் நட்டுகளில் இரண்டைக் காணவில்லை. மூன்றாவது நட்டு, விரலால் சுழற்றினாலே சுழன்றது. புகை கசியாமலிருக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட் கருகிப் பிய்ந்திருந்தது. அந்த இடைவெளியில் புகை பீறிட்டு, பெடல்களுக்கான ஓட்டை வழியாக நேரே உள்ளே போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாளும் இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் நின்றிருக்கிறது. அன்று அடைபடாத அளவுக்கு அகன்றுவிட்டது.

திரைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, நனைந்தபடியே ஸ்டேஷனுக்கு ஓட்டினேன். முதலாளி வந்ததும் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மூவரும் மழையிலேயே ஊர் திரும்பினோம். டாக்டர் வந்து பார்த்து, அந்தப் புகையில் இருப்பது மணமில்லாத விஷவாயு, மூளையை மயக்கி இல்லாததைக் காட்டும் என்றார். இருவருக்கும் ஒரே உருவத்தைக் காட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது.

பெங்களூரிலிருந்து செம்புக் கேஸ்கெட்டும் பித்தளை நட்டுகளும் வந்தன. நட்டு கழன்றதற்குக் காரணமும் கிடைத்தது. பின்குழாயைத் தாங்கும் பட்டை அறுந்து, குழாயின் கனமெல்லாம் அந்த நட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பட்டை அடித்தேன். நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்கினேன். இன்ஜினைச் சூடேற ஓடவிட்டு, ஆறிய பிறகு மறுபடி இறுக்கி, கழலாதபடி கம்பி முறுக்கினேன். முதலாளி ஈரச்சாக்கால் பின்குழாயைப் பொத்திப் பிடிக்க, எங்காவது கசிகிறதா என்று நான் காதை வைத்துக் கேட்டேன். எங்கும் சீறல் இல்லை. வாரம் ஒருமுறை தகட்டைக் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கார் அழவில்லை. அம்மா சாப்பிடவில்லை.

ஒருநாள் காலையில் ஷெட்டுக்கே வந்துவிட்டார். "ஒரே ஒரு நட்டை மட்டும் தளத்தி வுடுங்கண்ணா. நான் ஏறமாட்டேன். நின்னு கேட்டுட்டுப் போயிடறேன்."

பின்னால் வந்து நின்ற முதலாளி, "வண்டிய வெளிய தள்ளுங்க" என்றார்.

காற்று வீசும் திறந்த வாசலில் காரை நிறுத்தினோம். கூரையை மடக்கினேன். இரண்டு நட்டுகளைத் தளர்த்திவிட்டுக் கிளப்பினேன். சிணுங்கல் வந்தது. அம்மா எட்ட நின்று, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கேட்டார். முதலாளி தரையைப் பார்த்தபடி நின்றார். அவர் தோள் குலுங்குவதை அன்றுதான் பார்த்தேன். இரும்பு சூடேறச் சூடேறக் குரல் மெலிந்தது. பிறகு நின்றது.

"தூங்கிட்டான்" என்றார் அம்மா.

முதலாளி அவர் பக்கத்தில் போய் நின்று, மகனின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். அந்த வீட்டில் அந்தப் பெயரை நான் கேட்டது அதுவே முதல்முறை. இருவரும் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து நட்டுகளை இறுக்கினேன்.

சண்டையில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது காரைச் சேலத்துக்காரர் ஒருவருக்கு விற்றார்கள். தகட்டைக் கழற்றி ஒவ்வொரு நட்டையும் அவருக்குக் காட்டினேன். "வாரம் ஒருக்கா பாத்துடுங்க. சத்தம் வந்தா ஓட்டாதீங்க" என்றேன்.

"என்ன மாதிரி சத்தங்க?" என்று கேட்டார்.

"புகை கசியற சத்தம்தாங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.