இரண்டு மருமகள்கள், ஒரு சைக்கிள்

அந்த வீட்டின் இரண்டு மருமகள்களுக்கும் சேர்த்து ஒரே சைக்கிள்தான். மூத்தவள் விடிந்தும் விடியாமலும் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போவாள். மதியம் அவள் திரும்பியதும், இளையவள் அதில் ஏறி பிஸ்கட் கம்பெனிக்குப் பறப்பாள். "காத்து கம்மியா இருக்கு", "பிரேக் பிடிக்கல" என்பதற்கு மேல் பேச்சு நீளாது. ஓரகத்திகள் சண்டை போடக்கூட நேரம் வாய்க்காத வீடு அது.

அன்று ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி மூத்தவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. வீட்டுக்கு முந்தைய மேட்டில் எழுந்து நின்று மிதித்தாள். 'டக்' என்றது. கால் வெறுமனே சுற்றியது. செயின் அறுந்து ரோட்டில் கிடந்தது. அழுகை வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

சைக்கிள் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சாயங்காலம்தாம்மா முடியும். அவசரம்னா புது செயின் தரேன், நீங்களே மாட்டிக்குங்க."

மூத்தவள் புது செயினையும் அறுந்ததையும் எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளி வந்தபோது, வீட்டு வாசலில் இளையவள் தோளில் பையோடு நின்றிருந்தாள்.

"எவ்வளவு நேரம்க்கா! கேட்டை மூடிடுவாங்க..." என்று ஆரம்பித்தவள், செயின் மசியில் கறுத்துப்போன மூத்தவளின் கைகளைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டுப் பையை இறக்கினாள்.

கூடத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். புது செயின் நீளமாக இருந்தது. பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்து, அதிகப்படியான கண்ணிகளை ஆணியும் சுத்தியலும் வைத்துக் கழற்ற வேண்டியிருந்தது. மூத்தவள் பிடித்துக்கொள்ள, இளையவள் அடித்தாள்.

"கையில போட்டுடாதேடி."

"போட்டா உங்களுக்கு லீவாவது கிடைக்கும்க்கா."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பில் செயினின் இரு முனைகளையும் பூட்டும் சின்னத் தகடு துள்ளிக் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. குப்புறப் படுத்துத் தேடி எடுத்த இளையவள், எழுந்திருக்கும்போதுதான் மூத்தவளின் பாதங்களைப் பார்த்தாள்.

"என்னக்கா, கால் இப்படி வீங்கிக் கிடக்கு?"

"ரொம்ப நாளாவே இப்படித்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"எப்ப சொல்றது? நான் இறங்கறதுக்குள்ள நீ ஏறிடறே."

இளையவள் குனிந்து செயினின் இரு முனைகளையும் சேர்த்தாள். தகட்டைப் பொருத்தினாள். மூத்தவள் பின்சக்கரத்தை இழுத்துப் பிடித்து நட்டை முடுக்கினாள். வாசலில் ஓட்டிப் பார்த்தபோது, அழுத்தி மிதித்தால் புது செயின் பல்சக்கரத்தின் தேய்ந்த பற்களில் நழுவிக் குதித்தது. மெதுவாக மிதித்தால் ஓடியது. இப்போதைக்கு அது போதும்.

இளையவள் கம்பெனிக்குப் போன் செய்தாள். மேற்பார்வையாளர் எரிந்து விழுந்தார். "இனிமே வந்து என்ன பண்ணப்போறே? நாளைக்கு வா."

இளையவள் போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கை கழுவ இருவரும் எழுந்திருக்கவில்லை. மூத்தவள் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தாள். விழித்தபோது அவள் கால்கள் தலையணைமேல் இருந்தன. பக்கத்தில் இளையவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வார விடுமுறையில் இளையவள் அவளை விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். நிற்பதைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். மூத்தவள் சலவைக்கூடத்தில் நடையாய் நடந்து கேட்டு, மடிக்கும் மேசைக்கு மாறினாள். அங்கேயும் துணி மலைபோல்தான் வந்து விழுந்தது. ஆனால் உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது.